மே மாதத்தில் அறை கிடைக்குமா?

கேள்வி: கிளப் மஹிந்திராவில் (பணம் கட்டிச் சேர்ந்து, வருடா வருடம் அவர்களுடைய விடுதிகளில் தங்கும் திட்டம்) 25 ஆண்டு உறுப்பினராகலாம் என்கிறார்கள். கூட்டம் மிகுந்த காலமான ஊதா சீசனுக்கு விலை அதிகம், நீலத்துக்குக் குறைவு. நீலமே போதுமா?
- ஈரோடு வாசகி

பதில்: வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டா? அப்படியானால் நீலம் வேண்டாம். அது கூட்டம் குறைந்த வாரங்களுக்கானது. கோடை விடுமுறையில் உதவாது.

வருடம் 7 இரவு என்றால் மொத்தம் 175 இரவு. சேர்க்கைத் தொகையை 175-ஆல் வகுங்கள். அப்புறம் ஆண்டுக் கட்டணத்தை 7-ஆல் வகுத்து அதோடு கூட்டுங்கள். அதுதான் ஓர் இரவுக்கு ஆகும் செலவு. போகாத வருடமும் ஆண்டுக் கட்டணம் உண்டு, அது ஏறவும் செய்யும். அதே ஊரில் சாதாரண ஓட்டல் வாடகை என்ன என்று பாருங்கள்.

நானும் வேறொரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாமே) உறுப்பினர் சேர்க்க அவர்கள் நடத்திய இலவச விருந்துக்குப் போய், பாயசம் வருவதற்குள் கையெழுத்துப் போட்டவள்தான். மூன்று மே மாதங்கள் கொடைக்கானல் கேட்டேன். மூன்று முறையும் 'அறை இல்லை'. நீங்கள் விருந்துக்குப் போனால் செக் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.