ஜாவா நிரல் மொழியில் திகதியும் நேரமும்: கேட்டவர்களுக்குப் பதில்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, ஊழியர்களின் பிறந்த திகதியைப் பழைய டேட் கிளாஸில் வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் நேரம் 00:00 என்று வருகிறது, 1996 மே 25 பிறந்த ஒருவருக்கு மட்டும் 01:00. டேட்டா பிழையா?

டேட்டாவில் ஒரு பிழையும் இல்லை தங்கச்சி. அந்த நாளில் கொழும்பில் 00:00 என்ற நேரமே வரவில்லை! மின்சாரத் தட்டுப்பாட்டால் அன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். மே 24 இரவு 11:59 முடிந்ததும் நேரே 1:00. கிரீன்விச்சிலிருந்து 5:30ஆக இருந்தது 6:30 ஆனது, அதே ஒக்டோபரில் 6:00 ஆனது, 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்ப 5:30. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பழைய நேரமா புது நேரமா என்று கேட்ட காலம் அது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே ஓடியது, ஆனால் ஜாவாவுக்குத் தெரிந்தது ஆசியா/கொழும்பு என்ற ஒற்றைக் கணக்குத்தான். விஷயம் என்னவென்றால், டேட் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது, அதற்குள் இருப்பது 1970இலிருந்து எண்ணிய மில்லிசெக்கன்கள், அதாவது ஒரு கணம். பிறந்தநாள் கணம் இல்லையே, கலண்டரில் ஒரு நாள். ஜாவா 8இல் வந்த லோக்கல்டேட்டுக்கு மாற்றுங்கள். அதற்குள் வருடம், மாதம், நாள் மட்டும்தான். நேரமே இல்லாத இடத்தில் நேரம் பிசகாது.

வெள்ளவத்தைத் தம்பி: லோக்கல்டேட்டில் நாள் கூட்டும் பிளஸ்டேய்ஸ் போட்டேன், திகதி அப்படியே நிற்கிறது.

திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். லோக்கல்டேட் ஒப்ஜெக்ட் மாறாது, புது ஒப்ஜெக்ட் ஒன்றைத் தரும்.

தெஹிவளையிலிருந்து ஒருவர்: லண்டன் வாடிக்கையாளருடன் கிழமைக்கு ஒரு கூட்டம். யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் சேமித்தோம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நவம்பரில் நாங்கள் ஒரு மணித்தியாலம் சும்மா காத்திருந்தோம்.

நடந்து முடிந்ததற்கு அந்த அறிவுரை சரி. பணம் எப்போது வந்தது, யார் எப்போது லொகின் செய்தார் என்பதெல்லாம் ஒரு கணத்தைக் குறிக்கும் இன்ஸ்டன்ட் கிளாஸில், யூடிசியில் இருக்கட்டும். உங்கள் கூட்டம் இனி வரப்போவது, அதிலும் லண்டன் மணிக்கூட்டில் பகல் 2 மணி என்று கொடுத்த வாக்கு. கோடையில் அது யூடிசி 13:00, நமக்கு மாலை 6:30. ஒக்டோபர் கடைசி ஞாயிறில் அங்கே மணிக்கூடு பின்னுக்குப் போனதும் அதே 2 மணி நமக்கு இரவு 7:30. நீங்கள் சேமித்த 13:00 அசையாமல் 6:30க்கே கூப்பிட்டிருக்கிறது. 14:00 என்பதையும் ஐரோப்பா/லண்டன் என்ற ஸோன் பெயரையும் சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு கிழமையும் அதிலிருந்து கணக்கிடுங்கள். யூடிசிக்கு ஒரு மணித்தியாலம் முன்னே என்று பிளஸ் 1 என்ற இலக்கத்தை மட்டும் வைக்காதீர்கள், கோடை எப்போது முடிகிறது என்பது அந்த இலக்கத்துக்குத் தெரியாது.

மருதானை: 31ஆம் திகதி எடுத்த கடனின் தவணைகள் 29க்கு இறங்கிவிட்டன, ஏன்?

முதல் தவணைத் திகதியுடன் ஒரு மாதம் கூட்டி, வந்ததுடன் இன்னொரு மாதம் கூட்டியிருப்பீர்கள். 2024 ஜனவரி 31 + 1 மாதம் = பெப்ரவரி 29, அதிலிருந்து மார்ச் 29. ஆனால் ஜனவரி 31உடன் ஒரே தடவையில் 2 மாதம் கூட்டினால் மார்ச் 31 வரும். எப்போதும் முதல் திகதியிலிருந்தே எண்ணுங்கள். ஒருவருடைய வட்டி இதில் மாறும், தயவுசெய்து இதற்கு டெஸ்ட் எழுதுங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி மறுபடியும்: டிசம்பர் 31 வந்தால் அறிக்கையில் வருடம் அடுத்ததாக அச்சாகிறது.

ஃபோர்மட்டில் வருடத்துக்குப் பெரிய எழுத்து Y போட்டிருப்பீர்கள், அது கிழமைக் கணக்கின் வருடம். 2024 டிசம்பர் 31 அதில் 2025இன் முதல் கிழமைக்குள் போகிறது. சின்ன எழுத்து y போடுங்கள். அப்புறம், திகதியை எழுத்தாக்கும் பழைய சிம்பிள்டேட்ஃபோர்மட் ஒன்றை ஸ்டாட்டிக்காக, அதாவது பொதுவாக வைத்து எல்லாத் திரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பாவித்தால் ஒருவரின் திகதி இன்னொருவருக்குப் போகும். டேட்டைம்ஃபோர்மட்டருக்கு மாறினால் அந்தப் பயமும் இல்லை.