சாவி வாங்கிக்கொண்டு வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

பசிபிக் தீவு நாடுகளில் நடக்கும் மீன் கொள்ளை பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள் இன்னும் நாலு ரோந்துப் படகு கொடுத்துவிட்டால் தீர்ந்துபோகிற விஷயம்தானே இது? அத்தனை தூரத்தில் நடப்பதற்குத் தேவகோட்டையில் உட்கார்ந்து நாம் கவலைப்பட என்ன இருக்கிறது? தவறாக எண்ண வேண்டாம்.

ந., தேவகோட்டை

அன்புள்ள ந.,

தவறாக எண்ண ஒன்றுமில்லை. தேவகோட்டைக்காரர் என்பதாலேயே உங்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

உங்கள் தெருவையே பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் வீடு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். காவலுக்கு ஒரு பெரியவர். பசிபிக் தீவு நாடுகளில் ஒன்றான கிரிபாட்டியின் நிலை அதுதான். மொத்த நிலம் சுமார் 811 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 1.2 லட்சம், ஏறக்குறைய நம் காரைக்குடி. ஆனால் 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளம் அவர்களுடையது. தீவுகள் சிதறிக் கிடப்பதால் அந்தக் கடல் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. அதைச் சுற்றிவர ஒரே ஒரு ரோந்துப் படகு.

படகு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1987 முதல் பத்தாண்டுகளில் ஆஸ்திரேலியா 12 நாடுகளுக்கு 22 படகுகள் கொடுத்தது. அவை பழசானதும் 2018 முதல் புதியவை போகின்றன. நல்ல காரியம். ஆனால் படகு யாரைப் பிடிக்கும்?

எங்கள் ஐயா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மதில்மேல் கண்ணாடிச் சில் பதித்திருந்தோம், வாசலுக்கு இரண்டு பூட்டு. கூரை ஒழுகுகிறதென்று ஓடு மாற்ற ஆள் விட்டோம். சாவியை நாங்கள்தான் கொடுத்தோம். பத்து நாள் வேலை. உளுத்த கட்டை என்று வண்டியில் ஏற்றியதோடு இரண்டாங்கட்டு நிலைக்கு மேலிருந்த கஜலட்சுமி பலகையும் போய்விட்டது. காவல்காரர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். பெயர்த்த இடத்தில் வெளிறிய நீள்சதுரமும் நாலு ஆணித் துளையும் இன்றைக்கும் இருக்கின்றன. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

கடலிலும் இதேதான் நடக்கிறது. பசிபிக் தீவு நாடுகளின் மீன்வள முகமை சாலமன் தீவுகளின் ஹொனியாராவில் இருக்கிறது. அது 2016ல் வெளியிட்ட ஆய்வு, முறைகேடாகப் பிடித்துச் செல்லப்படும் சூரை மீனின் மதிப்பை ஆண்டுக்கு 61.6 கோடி டாலர் என்று கணக்கிட்டது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் உரிமம் வாங்கிய கப்பல்களின் வேலை. பிடித்ததைக் குறைத்து எழுதுவது, ஒரு மீனை இன்னொரு மீனாக எழுதுவது, நடுக்கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றிவிடுவது. மதில் ஏறிக் குதித்தவன் கொண்டுபோனது கொஞ்சம்தான்.

அதனால்தான் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. 2010 முதல் அந்தக் கடலில் ஒவ்வொரு சுருக்குமடி வலைக் கப்பலிலும் ஒரு பார்வையாளர் ஏறவேண்டும் என்று விதி. அந்நியர்கள் நடுவே தன்னந்தனியாக ஒரு தீவுக்காரர், மாதக்கணக்கில், கையில் குறிப்பேட்டோடு. அப்படிப் போய்க் கடலில் காணாமலே போனவர்கள் உண்டு. உதவி என்றால் முதலில் இவர்களுக்குப் போகவேண்டும்: செயற்கைக்கோள் வழியே ஊருக்குப் பேச ஒரு கருவி, நல்ல சம்பளம், இவர்கள் எழுதிவந்ததை வைத்து வழக்கு நடத்த வக்கீல்.

மீன்பிடி உரிமத்தின் விலையையும் தீவு நாடுகளே கூடிப் பேசித்தான் சரிசெய்தன. ரங்கூனில் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த யுக்திதான். 1982ல் நவுரு ஒப்பந்தத்தில் சேர்ந்த தீவுகள் பிற்பாடு மீன்பிடி நாட்களை எண்ணி, குறைந்தபட்ச விலை வைத்து விற்கத் தொடங்கின. 2010ல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் பத்தாண்டுக்குள் சுமார் 50 கோடியாயிற்று. இது எந்தக் கொடையாளியும் கொடுத்ததல்ல.

மீன் மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. அதே கடல்வழியில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போதைச் சரக்கு போகிறது. 2024 ஜனவரியில் ஃபிஜியின் நாடியில் 4 டன்னுக்கு மேல் மெத் என்னும் போதைப்பொருள் பிடிபட்டது. போகிற சரக்கில் கொஞ்சம் வழியிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த ஜனவரியில் அந்நாட்டு அரசு எச்ஐவி பரவலை அறிவிக்கவேண்டி வந்தது. போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம்.

தூரம் என்கிறீர்கள். தொண்டி உங்களுக்குப் பஸ் ஏறினால் வந்துவிடும். கடல் அட்டை பிடிக்க 2001 முதல் இந்தியாவில் தடை. இந்தக் கரையில் களவாக எடுத்து இலங்கைக்குக் கடத்துகிறார்கள். அங்கே உரிமத்தோடு பிடிக்கலாம் என்பதால் அக்கரை சேர்ந்ததும் அது முறையான சரக்கோடு கலந்துவிடும். எங்கள் கஜலட்சுமியும் இந்நேரம் எங்கோ ஒரு கடையில் ‘பழம்பொருள்’ ஆகியிருப்பாள். திருட்டு மீன் ஏற்றிவரும் கப்பலைத் துறைமுகத்திலேயே மறிக்கும் உடன்படிக்கை 2016ல்தான் நடைமுறைக்கு வந்தது. நாம் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான்.

பசிபிக் தீவு நாடுகள் 1992ல் நியுவே ஒப்பந்தம் என்று ஒன்று போட்டன. கண்காணிப்புத் தகவலைப் பகிர்ந்துகொள்ளலாம். இரு நாடுகள் பேசிக்கொண்டால் ஒன்றின் ரோந்துப் படகு மற்றதன் கடலிலும் காவல் பார்க்கலாம். பலகை போனபிறகு எங்கள் காவல்காரரும் இதைத்தான் செய்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி, வருகிற வண்டி எண், உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாம் எழுதுகிறார். எதிர்வீட்டுக் காவல்காரரையும் எழுத வைத்துவிட்டார். விளக்கு வைத்ததும் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து நோட்டை மாற்றிப் பார்க்கிறார்கள். அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.