அம்மாவின் மூச்சும் ஒரு லேப் ரிப்போர்ட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

என் அம்மாவுக்கு 63 வயது. சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சுவிடச் சிரமப்படும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி மூன்று வருடமாக இன்ஹேலர் எடுத்துவருகிறார். புகைபிடித்தவர் இல்லை, காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்தவர். போன மாதம் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில் முழு உடல் பேக்கேஜ் எடுத்தோம். அதில் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பேனல்’ என்று ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். எம்டிஏ ‘அதிகம்’ என்று சிவப்பில் வந்திருக்கிறது, மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் அளவோ ‘மிக நன்று’. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? கூடவே வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுக்கச் சொல்லி ஒரு சிபாரிசு வேறு. நெஞ்சு டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டார். என்ன செய்யலாம்?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

டாக்டர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாரே, கிட்டத்தட்ட அதுதான் பதில். அவருக்கு வெளியே வரிசை நின்றிருக்கும், எனக்கு அந்த அவசரம் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்பது புருடா இல்லை. செல்களைச் சிதைக்கும் ஆக்ஸிடன்ட்டுகள், அவற்றைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டுகளை மிஞ்சிவிடும் நிலைதான் அது. சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்தால் அந்தப் புகையில் ஒன்றுக்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்ட அளவில் ஃப்ரீ ரேடிகல்கள் (பட்டதோடெல்லாம் வினைபுரிந்து சிதைக்கும் ஆக்ஸிடன்ட் துகள்கள்) இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், விறகுப் புகையிலும் இவை உண்டு. புகை பட்டுப் பட்டு மூச்சுக்குழாயில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன, அவை தம் பங்குக்கு இன்னும் கொஞ்சம் ஆக்ஸிடன்ட்டுகளைக் கக்குகின்றன, அதனால்தான் புகையை விட்ட பிறகும் புகைச்சல் உள்ளே ஓய்வதில்லை. நுரையீரலை நொதிகள் அரித்துவிடாமல் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதமும் இப்படி ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் செயலிழந்துவிடும். செல் சவ்வில் உள்ள கொழுப்பு சிதையும்போது மிஞ்சும் துண்டுகளில் ஒன்றுதான் மலோண்டைஆல்டிஹைடு, உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எம்டிஏ. சிஓபிடி நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் கூட்டமாக வைத்துப் பார்த்தால் நோயாளிகளின் சராசரி எம்டிஏ அதிகமாகத்தான் இருக்கிறது, பல ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன.

ஆனால் சராசரி வேறு, உங்கள் அம்மா வேறு. இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்து கிடக்கும், ஒருவரின் எண்ணை மட்டும் பார்த்து அவர் எந்தக் கூட்டம் என்று சொல்ல முடியாது.

சோதனையே கொஞ்சம் தகராறு பிடித்தது. வழக்கமான முறையில் ரத்த சீரத்தோடு தயோபார்பிட்யூரிக் அமிலத்தைக் கலந்து கொதிநீரில் வைப்பார்கள், ரோஸ் நிறம் வரும், அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்று 532 நானோமீட்டரில் அளப்பார்கள். சிக்கல் என்னவென்றால் சர்க்கரை, பிலிருபின் என்ற பித்த நிறமி போன்றவையும் அந்த அமிலத்தோடு வினைபுரிந்து எண்ணைக் குழப்பும், போதாததற்குச் சூடுபடுத்துவதே சாம்பிளில் இருக்கும் கொழுப்பைச் சிதைத்துப் புது எம்டிஏவை உண்டாக்கும். வீட்டில் எடுத்த ரத்தம் பைக்கில் வெயிலில் சுற்றி, சிவப்பணுக்கள் உடைந்த நிலையில் லேபுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதைவிட நம்பகமானது, கொழுப்புச் சிதைவில் வரும் இன்னொரு பொருளை அளக்கும் ஐசோப்ராஸ்டேன் சோதனை, ஆனால் அதற்கு சாம்பிளை உடனே மைனஸ் 70, 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும், பேக்கேஜில் அதெல்லாம் நடக்காது.

அப்புறம் அந்த ‘மிக நன்று’. இதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ரத்தத்தின் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் என்று அளப்பதில் பெரும்பங்கு யூரிக் ஆசிடினுடையது. அதே ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் வரியைப் பாருங்கள், மேல் எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறார் என்றால் அதுவே யூரிக் ஆசிடை ஏற்றிவிடும். யூரிக் ஆசிட் கூடிப்போய்க் கால் கட்டைவிரல் மூட்டு வீங்கி நடக்க முடியாமல் கிடப்பவருக்குக்கூட இந்தச் சோதனை சபாஷ் போடும். ஆகவே ஒன்று அதிகமாகவும் இன்னொன்று நன்றாகவும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை, இரண்டும் வெவ்வேறு விஷயத்தை, அதுவும் அரைகுறையாக, அளக்கின்றன.

மாத்திரை வேண்டாம். 1994இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அம்மா புகைபிடிக்காதவர், அந்த எண் அவருக்கு அப்படியே பொருந்தாது, சரி. ஆனால் அவருக்கு நன்மை என்று காட்டவும் ஒன்றும் இல்லை. சளியை இளக்கும் மருந்தும் ஆன்டிஆக்ஸிடன்ட்டுமான என்-அசிட்டைல்சிஸ்டீன் மட்டும் கொஞ்சம் வேறு கதை: 2005இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் தினம் 600 மில்லிகிராம் கொடுத்தும் நுரையீரல் திறன் சரிவது நிற்கவில்லை, 2014இல் சீனாவில் அதை இருமடங்காக்கிக் கொடுத்தபோது நோய் திடீரென முற்றும் தடவைகள் குறைந்தன. அது வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், எம்டிஏ எண்ணைக் காட்டி அல்ல, வருடத்துக்கு எத்தனை முறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள் என்பதைச் சொல்லி.

அந்தக் கட்டு ரிப்போர்ட்டில் உண்மையிலேயே உபயோகமான வரி ஒன்று இருக்கும், யாரும் அதைச் சிவப்பில் போட்டிருக்க மாட்டார்கள்: இயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளையணுவின் எண்ணிக்கை. மைக்ரோலிட்டருக்கு 300க்கு மேல் என்றால் இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்ப்பது பலன் தர வாய்ப்பு அதிகம், 100க்குக் கீழே என்றால் குறைவு. டாக்டரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். அம்மா கடைசியாக எப்போது ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) ஊதினார் என்றும் கேளுங்கள். இன்ஹேலரை டாக்டர் முன்னாலேயே ஒருமுறை எடுத்துக்காட்டும்படி அம்மாவிடம் சொல்லுங்கள், மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிற ஆட்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. சமையலுக்கு கேஸ் வந்த பல வீடுகளில் குளிக்க வெந்நீர் மட்டும் கொல்லையில் விறகில்தான் காய்கிறது, அதை ஊதிப் பற்றவைப்பதும் பெரும்பாலும் அம்மாதான். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் அந்தப் பேனல் காசில் ஒரு வாட்டர் ஹீட்டருக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.

அன்புடன்