பழைய பேனலுக்குப் புது மாட்யூல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் லெவல் டிரான்ஸ்மிட்டருக்கும் (தொட்டி மட்டத்தைக் கரண்டாக மாற்றி அனுப்பும் கருவி) பிஎல்சிக்கும் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) நடுவே இருந்த சிக்னல் ஐசோலேட்டர் (இரு பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரித்துச் சிக்னலை மட்டும் கடத்தும் மாட்யூல்) போய்விட்டது. அந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. "4–20 உள்ளே, 4–20 வெளியே" (மில்லிஆம்ப் சிக்னல்) என்று போட்டிருந்த வேறு கம்பெனி ஐசோலேட்டரை வாங்கி மாட்டினோம். திரையில் லெவல் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. புதுசே பழுதா?
— பராமரிப்புப் பிரிவு, ராணிப்பேட்டை

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. உங்கள் லெவல் டிரான்ஸ்மிட்டர் இரண்டு ஒயர் வகையாக இருந்தால் அதற்கென்று தனி சப்ளை கிடையாது. பழைய ஐசோலேட்டரே அதே இரண்டு ஒயரில் 24 வோல்ட்டை அனுப்பி, திரும்பி வரும் மில்லிஆம்பைப் படித்துக்கொண்டிருந்திருக்கும். நீங்கள் வாங்கியது வரும் கரண்டைப் படிக்க மட்டும் தெரிந்த வகை. லூப்புக்கு (கரண்ட் சுற்றிவரும் வழி) சோறு போட ஆளில்லை, அவ்வளவுதான்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். ஐசோலேட்டரின் இன்புட் டெர்மினலிலிருந்து ஃபீல்டு ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு டெர்மினலுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். 20-ஐ ஒட்டி வந்தால் அது சப்ளை கொடுக்கிறது. பூஜ்யம் என்றால் வாங்க மட்டும்தான் செய்யும். பல மாட்யூல்களில் இரண்டு வேலைக்கும் தனித்தனி டெர்மினல் உண்டு. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து ஒயரை இடம் மாற்றினாலே போதும். அப்படி டெர்மினல் இல்லையென்றால் பேனலின் 24 வோல்ட்டை லூப்பில் தொடராக இணைக்கலாம்.

நாலு ஒயர் ஃப்ளோ மீட்டருக்குக் கதை தலைகீழ். அது 230 வோல்ட்டில் ஓடி, தானே கரண்டைத் தள்ளும் (அப்படி அமைக்கப்பட்டிருந்தால்). அதைச் சப்ளை கொடுக்கும் டெர்மினலில் இணைத்தால் இரண்டு சப்ளையும் மோதிக்கொள்ளும். அவுட்புட் பக்கத்திலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: பிஎல்சி கார்டு கரண்டை எதிர்பார்க்கிறதா, கொடுக்கிறதா? மாடல் நம்பரைத் தேடி அலைவதற்கு முன் இரண்டு பக்கத்துக்கும் இந்த விடையை எழுதி வைத்துக்கொண்டால், எந்தக் கம்பெனி மாட்யூலையும் தைரியமாக வாங்கலாம்.

அடுத்தது கணக்கு. சப்ளை 24 வோல்ட், டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 தேவை என்று வைத்துக்கொள்வோம். மீதி 12 வோல்ட். லூப்பில் உச்சமாக 22 மில்லிஆம்ப் ஓடும் என்றால் 12 ÷ 0.022, அதாவது 545 ஓம் வரைதான் தாங்கும். ரிசீவர், அதாவது கரண்டைப் படிக்கும் கார்டு, 250 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 500 மீட்டர் போய்வர 12 ஓம். இதுவரை பிரச்சினை இல்லை. இடையில் யாரோ 250 ஓம் ரெக்கார்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்திருந்தால் 512 ஆகிவிடும். சப்ளை 21-க்கு இறங்கினால் தாங்கும் அளவே 409 தான். அப்போது தொட்டி பாதியில் இருக்கும்வரை ரீடிங் சரியாக இருக்கும், நிறையும்போது மட்டும் மேலே ஏறாமல் நிற்கும். சென்சாரைச் சந்தேகப்பட்டு மாற்றுவதில்தான் இங்கே பணம் வீணாகிறது.

டெர்மினல் ஸ்ட்ரிப்பில் பழைய 250 ஓம் ரெசிஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கார்டு 1–5 வோல்ட் படித்திருக்கும், அதற்காகப் போட்டது. புதுக் கார்டுக்குள்ளேயே 250 ஓம் இருந்தால் கரண்ட் இரண்டாகப் பிரிந்து, 20 மில்லிஆம்ப் வந்தாலும் 10 என்றுதான் காட்டும்.

மாட்டிய பிறகு லூப் கேலிபிரேட்டரால் (வேண்டிய கரண்டைக் கொடுக்கும் சோதனைக் கருவி) 4, 8, 12, 16, 20 மில்லிஆம்ப் கொடுத்துப் பிஎல்சி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல் ஒயரைக் கழற்றியும் பாருங்கள். ஒயர் அறுந்தால் பழையது கீழே விழுந்திருக்கலாம், புதியது 21-க்கு மேலே ஏறலாம். லெவலை நம்பி ஓடும் பம்ப்புக்கு "தொட்டி காலி" என்பதும் "தொட்டி நிறைந்தது" என்பதும் ஒன்றல்ல. இந்தச் சோதனையைச் செய்யும்போது பம்ப் மேனுவலில் இருக்கட்டும்.

இன்னொன்று, தோல் பதனிடும் நம் பகுதிக்கே உரியது. சுண்ணாம்புக் குழியில் போடும் சோடியம் சல்பைடு கழிவோடு அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது வெள்ளியைக் கறுப்பாக்கும். மோட்டார் கரண்ட் அந்தப் படலத்தை எரித்துத் தள்ளிவிடும். மில்லிஆம்ப் சிக்னலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ரிலே கான்டாக்டிலும் கனெக்டர் ஊசிகளிலும் கறுப்பு தெரிந்தால் எமரித்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். சிக்னல் ரிலேக்குத் தங்கப்பூச்சு கான்டாக்ட், போர்டுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) என்று கேட்டு வாங்குங்கள். பேனல் அறைக்குள் சுத்தமான காற்றைச் சற்று அழுத்தத்தோடு விடுவது இரண்டையும்விடப் பலன் தரும்.

கேள்வி: தோல் ஃபினிஷிங் மெஷினில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று சின்ன மாட்யூல்கள் வரிசையாக இருக்கின்றன. கறுப்பு ஒன்றை மாற்றினோம். இப்போது அவுட்புட்டை நிறுத்தினாலும் 230 வோல்ட் சிறிய ரிலே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.
— எலக்ட்ரீஷியன், ஆம்பூர்

பதில்: மஞ்சள் ஏசி இன்புட், வெள்ளை டிசி இன்புட், கறுப்பு ஏசி அவுட்புட், சிவப்பு டிசி அவுட்புட். பெரும்பாலான கம்பெனிகள் இந்த நிறங்களையே பின்பற்றுகின்றன. ஆனால் நிறம் ஒன்றாக இருந்தால் போதாது. லாஜிக் வோல்ட்டேஜ் (கன்ட்ரோல் பக்கத்து வோல்ட்) 5, 15, 24 என்று மூன்று உண்டு, பெயரின் கடைசி எண் அதைச் சொல்லும்.

நீங்கள் சொல்லும் கோளாறுக்கு லீக்கேஜ் காரணமாக இருக்கலாம். உள்ளே இருப்பது டிரையாக்கும் (ஏசியை ஆன்–ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) அதைக் காக்கும் ஸ்னப்பரும் (ரெசிஸ்டர்–கெப்பாசிட்டர் இணைப்பு). நிறுத்தின பிறகும் சில மில்லிஆம்ப் கசியும். பெரிய கான்டாக்டருக்கு அது தெரியாது, சின்ன ரிலே காயிலைப் பிடித்து வைக்க அது போதும். காயிலுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். 230 வோல்ட்டில் அதில் சுமார் 5.3 வாட் சூடாகும் என்பதால் 10 வாட் ஒயர்வவுண்ட் வேண்டும், ஒயரிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் தள்ளி வையுங்கள்.

ரெசிஸ்டர் போட்டும் ரிலே விடவில்லையென்றால் மாட்யூல் ஷார்ட் ஆகியிருக்கலாம். இவ்வகை அவுட்புட்டுகள் பழுதாகும்போது பெரும்பாலும் ஆன் நிலையிலேயே நின்றுவிடும். எமர்ஜென்சி ஸ்டாப் இவற்றின் வழியாக மட்டும் போகிறது என்றால் இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: பிஎல்சி–5 (அலன் பிராட்லியின் பழைய பிஎல்சி) ரேக்கில் 1771–ஐஎஃப்இ அனலாக் இன்புட் கார்டு போய்விட்டது. செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. வாங்கலாமா, மொத்தமாக மாற்றலாமா?
— இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், காட்பாடி

பதில்: இந்த வரிசையின் தயாரிப்பு 2017 ஜூனோடு நின்றது. ஒரு கார்டு மட்டும் போயிருந்தால் செகண்ட் ஹேண்ட் வாங்கி ஓட்டலாம். ரேக் ரேக்காகக் கோளாறு வருகிறது என்றால் அதில் பணம் போடுவது வீண்.

விற்பவரிடம் விளம்பரப் படத்தை ஏற்காதீர்கள். கைக்கு வரப்போகும் அதே கார்டின் லேபிள், சீரியல் நம்பர், சீரீஸ் எழுத்து, பின்பக்க கான்டாக்ட் விளிம்பு ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐசிகளில் உள்ள நாலு இலக்க எண், வருடமும் வாரமும்: 0412 என்றால் 2004-இன் 12-வது வாரம். லேபிளுக்கும் அதற்கும் பல வருடம் முன்பின்னாக இருந்தால் விலகிவிடுங்கள். "டெஸ்ட் செய்தது" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை, ஐந்து புள்ளி ரீடிங்கைக் கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பரும் திருப்பித் தரும் காலமும் இருக்கட்டும்.

கார்டு வந்ததும் போர்டில் உள்ள ஜம்பர்களை (இடம் மாற்றக்கூடிய சின்ன இணைப்புகள்) பழைய கார்டோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு இன்புட்டும் வோல்ட்டா கரண்டா என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. பழைய ஓனரின் செட்டிங்கோடு வந்திருக்கும். ஃபீல்டு ஒயர்கள் ஸ்விங் ஆர்மில் (கார்டின் முன்னால் திறந்து மூடும் டெர்மினல் பட்டை) இருப்பதால் ஒயரைத் தொடாமலே கார்டை மாற்றலாம். ரேக்கில் பவரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

மொத்தமாக மாற்றும்போதும் அந்த ஸ்விங் ஆர்மை அப்படியே ஏற்கும் கன்வர்ஷன் கிட், அதே கம்பெனியின் புதிய பிஎல்சியான கன்ட்ரோல்லாஜிக்குக்கு உண்டு. ஒயரிங் ஒரு ஷட்டவுனில் முடியும். நேரம் தின்பது புரோகிராம்தான்: பிளாக் டிரான்ஸ்ஃபர் கட்டளைகளையும் (கார்டின் ரீடிங்கை மொத்தமாக எடுத்து வருபவை) ஸ்கேலிங்கையும் (ரீடிங்கை அளவாக மாற்றும் கணக்கு) கையால் திருத்திச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்ப்ரே பூத்தில் ஜீனர் பேரியர் (தீப்பொறி வராதபடி ஒயரில் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் மாட்யூல்) எரிந்தது. அவசரத்துக்குச் சாதாரண ஐசோலேட்டர் போடலாமா?
— வாணியம்பாடி

பதில்: கூடாது. தின்னர் ஆவி உள்ள இடம், ஒரு ஷிஃப்டுக்குக்கூட வேண்டாம். வாங்கும் பேரியரின் வோல்ட், கரண்ட், பவர் மூன்றும் ஃபீல்டு கருவி அனுமதிக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும், கேபிளின் கெப்பாசிட்டன்ஸையும் இண்டக்டன்ஸையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெசோ (வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரத்தையும் பாருங்கள். ஜீனர் பேரியருக்குத் தனி எர்த் கட்டாயம், 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த் சரியில்லாத இடத்தில் பேரியர் மாட்டியிருந்தும் இல்லாததற்குச் சமம். அங்கே எர்த்தை நம்பாத, எக்ஸ் சான்று (தீப்பற்றும் ஆவி உள்ள இடத்துக்கான சான்று) பெற்ற கால்வானிக் ஐசோலேட்டருக்கு மாறிவிடுவதே நல்லது. விலை கூடுதல்தான்.