ராணுவக் குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மாவிடம் 'ஸ்பர்ஷ்' என்னும் ராணுவ ஓய்வூதிய இணையதளத்தின் பெயரைச் சொல்லிப் பணம் பறித்துவிட்டார்கள். எல்லையில் பணியாற்றும் தம்பிக்கு இதை இப்போது தெரிவிக்கலாமா?

முதலில் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் தனியாகத் தெரிவியுங்கள். தம்பியிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். இதை அனுபவத்தில் எழுதுகிறேன்.

2023 நவம்பரில் நான் லடாக்கில் பணியில் இருந்தேன். பென்னாகரம் அருகே எங்கள் ஊரில் அம்மா தனியாக இருந்தார். வாழ்நாள் சான்றிதழ் பதிவாகவில்லை, இந்த மாதம் பென்ஷன் நின்றுவிடும் என்று அழைத்தவர், மறைந்த என் அப்பாவின் படைப்பிரிவையும் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் எண்ணையும் தாமே சொன்னதால், அம்மா நம்பி ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்லிவிட்டார். வீட்டுக்குத் தளம் போடச் சேர்த்திருந்த 1,86,000 ரூபாய் இரண்டு தடவையில் போய்விட்டது.

படிக்காதவர் ஏமாந்தார் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். என் அம்மா மகளிர் குழுவின் கணக்கு நோட்டைப் பல ஆண்டுகள் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர். பி.பி.ஓ. நகலை எத்தனை அலுவலகங்களில், எத்தனை ஜெராக்ஸ் கடைகளில் கொடுத்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், குற்றத்தை அவர் தலையில் மட்டும் சுமத்த என்னால் முடியவில்லை. விவரம் கேட்கப் போன அவரை, வங்கியில் பத்துப் பேர் முன்னிலையில் "ஓ.டி.பி.யை ஏன் சொன்னீர்கள்?" என்று அதட்டியதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் வங்கிக்குப் போனதே ஒன்பது நாள் கழித்துத்தான். "பையன் பனியில நிக்கறான், இதைக் கேட்டா மனசு ஒடிஞ்சிருவான்" என்று அதுவரை ஒருவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. முதல் நாளே புகார் போயிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கியிருக்க வாய்ப்பிருந்தது. ரகசிய எண்ணை நாமே சொன்னதால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நம்முடையது, அதன் பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை கூறியது. ஆகவே புகார் தெரிவித்த நேரம் பதிவாகியிருப்பது மிக முக்கியம்.

தம்பியிடம் சொல்லச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வாரம் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகவும் அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் எனக்கே ஒரு அழைப்பு வந்தது. அம்மா அதற்குள் நடந்ததைச் சொல்லியிருந்ததால், நான் கட்டவில்லை.