ஸ்மூத் ஜாஸ்: எதில் தொடங்கலாம், புதிதாக எதைக் கேட்கலாம்? – கேள்வி பதில்

ஸ்மூத் ஜாஸ், அதாவது காதுக்கு இதமாக மெருகேற்றிய ஜாஸ் இசை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். புதிய பதிவுகளைப் பற்றித்தான் பலரும் கேட்டிருந்தீர்கள். ஆனால் பழைய ஆட்களைத் தொடாமல் புதியதைப் பேச முடியாது. இன்றைக்கு நல்ல ஆல்பம் தருகிறவர்களில் பலர் எழுபதுகளிலேயே பேர் வாங்கியவர்கள்.

கேள்வி (திருச்சி): எனக்குத் தெரிந்த ஒரே பெயர் கென்னி ஜி. இந்த இசையை ஆரம்பித்தது அவரா சார்?

இல்லை. அவர் வருவதற்கு இருபது வருடம் முன்பே விதை போட்டாயிற்று. 1967இல் கிரீட் டெய்லர் என்ற தயாரிப்பாளர், வெஸ் மாண்ட்கோமரி என்ற கிட்டார் கலைஞரை வைத்து பீட்டில்ஸ் பாடல்களையும் அந்தக் காலத்து ஹிட் பாடல்களையும் வாசிக்கச் சொன்னார். பின்னால் வயலின் கூட்டம், அடக்கமான டிரம்ஸ். வெஸ் மீட்டுகோல் பிடிக்க மாட்டார், கட்டை விரலால்தான் தட்டுவார். அதனால் அவருடைய நாதத்தில் கூர்மையே இருக்காது, உருண்டு வரும். ‘எ டே இன் த லைஃப்’ என்ற அந்த ஆல்பம் நன்றாக விற்றது. அடுத்த வருடமே அவர் இறந்துபோனார்.

அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனவர் ஜார்ஜ் பென்சன். 1976இல் அவருடைய ‘ப்ரீஸின்’ ஆல்பத்தில் ‘திஸ் மாஸ்கரேட்’ என்ற ஒரு பாடலை மட்டும் பாடினார். கிட்டாரில் வாசிக்கும் அதே ஸ்வரத்தை அதே நொடியில் வாயாலும் பாடிக்கொண்டே போவார். அந்தப் பாடலுக்கு வருடத்தின் சிறந்த பதிவுக்கான கிராமி கிடைத்தது. ஜாஸ் கலைஞர் ஒருவர் பாப் பாடகர்களுக்குச் சமமாக விற்க முடியும் என்று கம்பெனிகளுக்குப் புரிந்தது அப்போதுதான். சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜியின் ‘சாங்பேர்ட்’ வந்தது 1986இல்.

கேள்வி (கோவை): ஒரே ஒரு பாடலைக் கேட்டு இந்த இசையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் எது அண்ணா?

சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’. 1980இல் வந்த ‘வைன்லைட்’ ஆல்பத்தில் இருக்கிறது. பாடியவர் பில் விதர்ஸ். ஆல்பத்தில் இருக்கும் ஏழு நிமிட வடிவத்தைக் கேளுங்கள், வானொலிக்காக வெட்டியதை வேண்டாம்.

முதல் தடவை பாட்டாகவே கேட்டுவிடுங்கள். அடுத்த தடவை பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வாசிப்பது மார்கஸ் மில்லர், அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுதான் இருக்கும். எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள். அப்புறம் டிரம்ஸ், ஸ்டீவ் காட். எந்த இடத்திலும் தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் அவரை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது. நடுவில் ஒரு கணீரென்ற சத்தம் வரும். அது டிரினிடாட் தீவில் எண்ணெய் பீப்பாயிலிருந்து உருவான ஸ்டீல் பேன். வாசிப்பது ராபர்ட் கிரீனிட்ஜ். அதெல்லாம் முடிந்த பிறகுதான் குரோவரின் சாக்ஸபோன் முழுதாக வாயைத் திறக்கும்.

அதன் கார்டு (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசையையும் சொல்லிவிடுகிறேன், கிட்டாரோ கீபோர்டோ வாசிக்கிறவர்களுக்கு உதவும். எஃப் மைனரில், டி ஃபிளாட் மேஜர் செவன், சி செவன், எஃப் மைனர். எஃப் மைனர் என்ற வீட்டுக்குத் திரும்பியதும் உட்காராமல் உடனே மறுபடி கிளம்பிவிடும். அதனால்தான் எத்தனை தடவை சுற்றினாலும் அலுக்காது. ஜப்பானிய பாப் இசையில் இந்த வரிசை இன்றைக்கும் அவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது, இந்தப் பாட்டின் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள்.

குரோவர் மேலே வந்த கதையும் சுவையானது. 1971இல் ஹேங்க் கிராஃபோர்ட் என்ற ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞருக்காக கிரீட் டெய்லர் ஒரு பதிவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அவரால் வர முடியவில்லை. அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்த குரோவரைக் கூப்பிட்டு அந்த ஆல்ட்டோ பகுதிகளை வாசிக்கச் சொன்னார்கள். ‘இன்னர் சிட்டி புளூஸ்’ என்று குரோவரின் பெயரிலேயே ஆல்பம் வந்தது.

கேள்வி (மதுரை): கத்ரி கோபால்நாத் வாசித்ததும் இவர்கள் வாசிப்பதும் ஒரே சாக்ஸபோன்தானா? கென்னி ஜியுடையது நாதஸ்வரம் மாதிரி நேராக இருக்கிறதே?

ஒரே குடும்பம். கத்ரி வாசித்தது ஆல்ட்டோ. கமகத்துக்கு வளையும்படி அதில் சில மாற்றங்களைச் செய்துகொண்டார். இந்த இசையின் இன்னொரு பெரிய பெயரான டேவிட் சான்பார்ன் வாசித்ததும் ஆல்ட்டோதான். போனி ஜேம்ஸ் பெரும்பாலும் டெனர். அது இன்னும் பெரியது, குரல் தாழ்ந்தது. கென்னி ஜியின் நேரான வாத்தியம் சோப்ரானோ. ஸ்வரம் கொஞ்சம் பிசகினாலும் காதில் குத்தும் வாத்தியம் அது, சுருதியில் நிறுத்துவது கஷ்டம்.

கேள்வி (சென்னை): ஸ்மூத் ஜாஸ் என்ற பெயரைக் கலைஞர்களே வைத்தார்களா?

வானொலிக்காரர்கள் வைத்தது. 1987 பிப்ரவரி 14இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ராக் நிலையத்தை மூடிவிட்டு ‘த வேவ்’ என்று 94.7இல் புதிதாகத் தொடங்கினார்கள். அதே வருடம் சிகாகோவில் இன்னொன்று. கேட்பதற்கு இதமாக இருக்கிறது, அலுவலகத்தில் ஓடவிடலாம் என்று ஊருக்கு ஊர் பரவியது. நேயர்களை உட்காரவைத்துப் பாட்டின் சில நொடிகளைப் போட்டுக்காட்டி, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்டுப் பட்டியல் தயாரித்தார்கள். அங்கேதான் கெட்டது. சில நொடியில் பிடித்துப்போகிற இசைக்குத்தான் இடம் என்றானதும், நீளமான தனி வாசிப்பைக் கலைஞர்களே வெட்ட ஆரம்பித்தார்கள். எல்லா ஆல்பமும் ஒரே அச்சில் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்தவற்றில் பலவற்றை இன்று என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை.

2008இல் நியூயார்க் நிலையம் போனது, 2009இல் சிகாகோவும் சான் பிரான்சிஸ்கோவும் போயின. நேயர் கணக்கெடுக்கும் முறை மாறியதும் ஒரு காரணம். முன்பு வீட்டில் டைரியில் எழுதிக் கொடுப்பார்கள், பிறகு கூடவே கொண்டுபோகும் சின்னக் கருவி, காதில் விழுவதை அதுவே பதிவு செய்துகொள்ளும். புது முறையில் இந்த நிலையங்களின் எண்கள் விழுந்தன.

வேலை போன கலைஞர்களுக்கு அது பெரிய அடி, மறுக்கவில்லை. ஆனால் இசைக்கு நல்லது நடந்தது என்றே நினைக்கிறேன். வானொலிக்குப் பயந்து வாசிக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லாமல் போனது. கீழே நான் சொல்லும் புதிய பதிவுகளில் அது தெரியும்.

கேள்வி (பெங்களூரு): தீவிர ஜாஸ் ரசிகர்கள் இதை ஏன் இவ்வளவு திட்டுகிறார்கள்?

ஜாஸின் உயிர் மனோதர்மத்தில் இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டு மெருகை மட்டும் கூட்டினால் கோபம் வரத்தானே செய்யும்? 1999இல் கென்னி ஜி, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பதிவு ஒன்றின் மேலேயே தன் சாக்ஸபோனைச் சேர்த்து வெளியிட்டார். கிட்டார் மேதை பேட் மெத்தினி அடுத்த வருடம் அவரைக் கடுமையாகத் தாக்கினார். சுருதி, லயம், கற்பனை எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் மெத்தினி பக்கம்தான். இறந்துபோன ஒருவர் பாடிய பாட்டுக்குள் அழைப்பில்லாமல் நுழையக் கூடாது.

அதற்காக ஒருவரை வைத்து மொத்தக் கூட்டத்தையும் தள்ளிவிடுவது நியாயமில்லை. ஜோ சாம்பிள் பியானோவில் கையை வைத்தால் டெக்சஸ் தேவாலயமும் புளூஸும் சேர்ந்து வரும். அதில் மனோதர்மம் இல்லை என்று யார் சொல்வது?

கேள்வி (யாழ்ப்பாணம், சிங்கப்பூர், இன்னும் சிலர்): கடந்த சில வருடங்களில் வந்தவற்றில் எதை வாங்கிக் கேட்கலாம்?

முதலில் ‘ஜஸ்ட் அஸ்’, 2025. பாப் ஜேம்ஸின் பியானோ, டேவ் கோஸின் சாக்ஸபோன், வேறு ஒன்றும் இல்லை. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. பாப் ஜேம்ஸுக்கு அப்போது வயது 85. ஸ்மூத் ஜாஸில் மேளதாளத்தை எடுத்துவிட்டால் ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. மூச்சு வாங்குவதும் தெரியும், அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று ஒருவர் காத்திருப்பதும் தெரியும். டேவ் கோஸ் மேடையில் கலகலப்பானவர், வருடா வருடம் கப்பலில் இசைப் பயணம் நடத்துகிறவர். அந்த மனிதர் இதில் இவ்வளவு அடங்கி வாசிப்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாப் ஜேம்ஸைப் புதிதாகக் கேட்கிறவர்கள் அதோடு 1974இல் வந்த ‘ஒன்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘நாட்டிலஸ்’ஸையும் கேளுங்கள். அதில் அவர் வாசிப்பது ரோட்ஸ் என்ற மின் பியானோ. உள்ளே தந்தி இருக்காது. சின்னச் சுத்தியல் ஒரு மெல்லிய உலோகக் கம்பியைத் தட்ட, அதைக் காந்தம் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அந்த மணி போன்ற நாதம்தான் இந்த இசையின் அடையாளமே. ரன் டி.எம்.சி., எரிக் பி–ராக்கிம் என்று ஹிப்ஹாப்காரர்கள் அந்தப் பாட்டை வெட்டி ஒட்டி எத்தனையோ பாட்டுகள் செய்துவிட்டார்கள்.

அடுத்து ‘பிரசில்’, 2024. பியானோ கலைஞர் டேவ் குரூசினும் கிட்டார் கலைஞர் லீ ரிட்டனரும் பிரேசில் கலைஞர்களோடு சேர்ந்து செய்தது. இதே இருவரும் 1985இல் ‘ஹார்லெக்வின்’ என்ற ஆல்பத்தில் பாடகர் இவான் லின்ஸைச் சேர்த்துக்கொண்டு இதே மண்ணைத் தொட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பழையதில் எண்பதுகளின் பளபளப்பு இருக்கும். புதியதில் நைலான் தந்தி கிட்டாரின் விரல் உரசல்கூட அப்படியே கேட்கும். குரூசின், லாரி ரோசனோடு சேர்ந்து 1978இல் ஜி.ஆர்.பி. கம்பெனியைத் தொடங்கி டிஜிட்டல் பதிவைத் துணிந்து கையில் எடுத்தவர். ஒலியில் அவருக்குச் சமரசமே கிடையாது.

ஜார்ஜ் பென்சனின் ‘ட்ரீம்ஸ் டூ கம் ட்ரூ’ 2024இல் வந்தது. ஆனால் 1989இல் ராபர்ட் ஃபார்னனின் இசைக்குழு அமைப்பில் பதிவு செய்து, பிறகு காணாமல் போயிருந்த ஒலிநாடாக்கள் அவை. பாடகர் பென்சனைப் பிடித்தவர்களுக்கு விருந்து, கிட்டாருக்காகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

ஜானதன் பட்லர், ‘உபுண்டு’, 2023. கேப் டவுனில் நிறவெறிக் காலத்தில் சிறுவனாகப் பாட வந்தவர். தயாரித்தது மேலே சொன்ன அதே மார்கஸ் மில்லர். தென்னாப்பிரிக்கக் குரல்கள் சேர்ந்து எழும் இடங்களில் உடம்பு சிலிர்க்கிறது.

போனி ஜேம்ஸின் ‘ஸ்லோ பர்ன்’ (2024) இரவில் கேட்க நன்றாக இருக்கிறது. புதுமை எதிர்பார்க்காதீர்கள். கென்னி ஜியின் ‘இன்னசன்ஸ்’ (2023) தாலாட்டுகள், குழந்தை தூங்கும். டேவ் கோஸும் கிட்டார் கலைஞர் கோரி வாங்கும் சேர்ந்த ‘த கோல்டன் ஹவர்’ (2021) இளைஞர்களுக்கு உடனே பிடிக்கும். கோரி வாங்கின் வலது கை நிற்கவே நிற்காது.

கேள்வி (சேலம்): டேவிட் சான்பார்ன் போய்விட்டார் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்.

2024 மே 12, வயது 78. மூன்று வயதில் போலியோ வந்தது. மூச்சுத் தசைகள் வலுப்பட ஏதாவது ஊதும் வாத்தியம் பழகட்டும் என்று மருத்துவர் சொன்னதால் சாக்ஸபோனுக்கு வந்தார். நோய் விட்டுச்சென்ற குறை கடைசிவரை உடம்பில் இருந்தது. அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு கூர்மையான, அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவில் நிற்கிற நாதம் வந்தது. டேவிட் போவியின் ‘யங் அமெரிக்கன்ஸ்’ பாட்டில் கேட்கும் சாக்ஸபோன் அவருடையதுதான். அவருக்கு வழிகாட்டி யார் தெரியுமா? மேலே குரோவர் கதையில் பதிவுக்கு வராமல் போன அதே ஹேங்க் கிராஃபோர்ட்.

ஸ்மூத் ஜாஸ் என்ற முத்திரை அவருக்குப் பிடிக்காது. அதை மதிக்கிறேன். இருந்தாலும் இந்த இசையில் ஆல்ட்டோ வாசிக்க வந்த ஒவ்வொருவர் நாதத்திலும் அவர் இருக்கிறார். பாப் ஜேம்ஸோடு 1986இல் செய்த ‘டபுள் விஷன்’ கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): பெண் கலைஞர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் கேண்டி டல்ஃபர், 1989இல் டேவ் ஸ்டூவர்ட்டோடு வாசித்த ‘லிலி வாஸ் ஹியர்’ மூலம் உலகத்துக்குத் தெரிந்தார். 2022இல் வந்த ‘வி நெவர் ஸ்டாப்’ ஆல்பத்தில் ஃபங்க் என்ற ஆட்டத் தாள இசை தூக்கல், கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸும் வந்து வாசித்திருக்கிறார். ஜப்பானின் கெய்கோ மாட்சுயியின் பியானோவையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): யூட்யூபில் பத்து மணி நேரம் ஓடும் ‘காபி கடை ஜாஸ்’ இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

யார் வாசித்தது என்று அதில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பேஸ் யார், டிரம்ஸ் யார் என்று எதுவுமே இல்லையென்றால் அது வேலை செய்யும்போது ஓடவிடுவதற்கான சத்தம். ஓடட்டும், தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஸ்மூத் ஜாஸ் இவ்வளவுதான் என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): என் பையனுக்குப் பதினான்கு வயது. சாக்ஸபோன் கற்க ஆசைப்படுகிறான், கென்னி ஜி மாதிரி சோப்ரானோதான் வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

ஆல்ட்டோ வாங்கிக் கொடுங்கள். உதடும் மூச்சும் நிலைப்படுவதற்கு முன்பு சோப்ரானோவை எடுத்தால் சுருதி நிற்காது, பையன் மனம் விட்டுவிடுவான். புதிதாக மலிவு விலையில் வாங்குவதைவிட, தெரிந்த வாசிப்பாளர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பழையதாக நல்ல கம்பெனி வாத்தியம் ஒன்றைப் பார்ப்பது நல்லது. எல்லாச் சாவியையும் அழுத்தி, துளைகளை மூடும் பேட் சரியாக மூடுகிறதா என்று அவர் ஊதிப் பார்த்துவிடுவார். ஆரம்பத்தில் ரீட் (வாயில் அதிரும் நாணல் பட்டை) இரண்டாம் எண் போதும், பிளாஸ்டிக் அல்லது எபனைட் (கடின ரப்பர்) வாய்ப்பகுதி போதும். சான்பார்ன் வைத்திருந்த மாதிரி உலோக வாய்ப்பகுதியை இப்போதே கேட்டால் கொடுக்காதீர்கள். விரல் எல்லாச் சாக்ஸபோனிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் இரண்டு வருடம் கழித்து சோப்ரானோவுக்கு மாறுவது பெரிய வேலை இல்லை. அதுவரை தினமும் ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துச் சாதகம் செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் தம்பூரா சுருதிப்பெட்டியைப் போட்டுவிடுங்கள்.