வாசகர் கேள்வி பதில்: ஊரடங்குக்குள்ள வந்த பொங்கல்

கேள்வி: 2022ல காணும் பொங்கலன்னைக்கு ஊரையே மூடிட்டாங்க, மறுநாளே அலங்காநல்லூர்ல ஜல்லிக்கட்டு நடந்துச்சு. பேரனைப் பார்க்கப் போகக்கூடாது, மாடு மட்டும் பிடிக்கலாம்னா என்ன நியாயம் சார்? எங்க வீட்ல இன்னும் இதைச் சொல்லி சண்டை நடக்குது. (ஒரு வாசகி, விழுப்புரம்)

பதில்: உங்க ஆதங்கம் புரியுதும்மா. அந்த வருஷம் காலண்டரே அப்படி அமைஞ்சு போச்சு. பொங்கல் வெள்ளி, மாட்டுப் பொங்கல் சனி, காணும் பொங்கல் ஜனவரி 16, ஞாயித்துக்கிழமை. ஓமிக்ரான்னு புது வகை கொரோனா கிளம்புனதால ஜனவரி 6லேர்ந்தே ராத்திரி பத்து மணிக்கு மேல ஊரடங்கு, ஞாயிறானா முழு ஊரடங்கு, பண்டிகைன்னு அந்த ஞாயித்தை மட்டும் விட்டுக் குடுக்கல. டிசம்பர் கடைசியில தமிழ்நாட்ல தினம் ஆயிரத்தை ஒட்டி இருந்த கேஸ் பொங்கலப்போ 23 ஆயிரத்தைத் தாண்டியிருந்துச்சு, அதைப் பார்த்தா மூடுனது சரிதான்னு நான் இப்பவும் சொல்வேன், ஏன்னா காணும் பொங்கலுக்கு நாம போய்ப் பார்க்கிறதே வீட்டுப் பெரியவங்களைத்தானே, கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கி, பக்கத்துல உக்காந்து சாப்பிட்டு, கிளம்புறப்போ கையைப் பிடிச்சு பேசிட்டு, இத்தனையும் அந்த வாரத்துல எழுபது வயசுக்காரங்களுக்கு ஆபத்து.

ஜல்லிக்கட்டும் சும்மா நடக்கல. அவனியாபுரம் 14, பாலமேடு 15ன்னு நடந்துச்சு, வழக்கமா 16ல நடக்கிற அலங்காநல்லூர் இந்த ஊரடங்குக்காகத்தான் 17க்குத் தள்ளிப் போச்சு. மாடுபிடி வீரர் 300 பேர், பார்வையாளர் 150க்கு மேல கூடாது, ரெண்டு ஊசி போட்ட சர்டிபிகேட், 48 மணி நேரத்துக்குள்ள எடுத்த டெஸ்ட் ரிசல்ட், இதெல்லாம் கேட்டாங்க. ஒரு வாடிவாசல்ல இத்தனையும் செக் பண்ணலாம், லட்சக்கணக்கான வீட்டு வாசல்ல முடியாது. ஆனாலும் என்னைக் கேட்டா அந்த ஒரு வருஷம் அதையும் நிறுத்தியிருக்கலாம், உங்க மாதிரி பேரனைப் பார்க்காம இருந்தவங்களுக்கு மனசாவது ஆறியிருக்கும்.

கேள்வி: தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்கிறவங்க அந்த வருஷம் என்ன பண்ணாங்க? (வாசகர், மேலூர்)

பதில்: ஜனவரி 14லேர்ந்து 18 வரைக்கும் கோயில், சர்ச், மசூதி எல்லாத்துலயும் பொதுமக்களுக்கு அனுமதி இல்ல, தைப்பூசமோ சரியா 18. மாலை போட்டு விரதம் இருந்தவங்களுக்கு அதைவிட வருத்தம் ஏது. 13ஆம் தேதிக்குள்ள தரிசனம் பண்ணிடணும்னு ராத்திரி பகலா நடந்து போனவங்க நிறைய பேரு, அந்த வேகத்துல கால் கொப்பளிச்சு வெடிச்சு, துணியைச் சுத்திக்கிட்டு படியேறுனவங்களும் உண்டு. மூடுறதுக்கு முன்னாடியே கூட்டம் சேர்ற மாதிரி அறிவிக்கிறதுல இந்த சிக்கல் எப்பவும் இருக்கு, இதை அதிகாரிங்க யோசிச்சே ஆகணும்.

கேள்வி: ஊரடங்கன்னைக்கு கறிக்கு என்ன பண்ணீங்க? (வாசகர், பெரம்பூர்)

பதில்: ஞாயிறு கடை இல்ல, சனிக்கிழமை திருவள்ளுவர் தினம், சென்னைல அன்னைக்கு வழக்கமாவே கறிக்கடை லீவு. பொங்கலன்னைக்கே எடுத்து ஃப்ரீசர்ல வச்சாத்தான் உண்டு. எங்க வீட்ல வேணாம்னு விட்டுட்டு மொச்சைக்கொட்டை போட்டு காரக்குழம்பு வச்சோம். ஆனா காலைல மொட்டை மாடியில மஞ்ச இலை விரிச்சு, மஞ்சச் சோறு, செவப்புச் சோறு, வெள்ளைச் சோறுன்னு பிடி பிடிச்சு, கரும்புத் துண்டோட அண்ணன் தம்பிங்களுக்காக கனுப்பிடி வைக்கிறதுக்கு எந்த ஊரடங்கும் தடையா இல்ல.

கேள்வி: நாங்க மெரினா மணல்ல கடை போடுறவங்க. காணும் பொங்கல்தான் எங்களுக்கு வருஷத்துலயே பெரிய வியாபாரம். அந்த நஷ்டத்தைப் பத்தி யாராவது பேசுனாங்களா? (வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: போதுமான அளவுக்கு யாரும் பேசலம்மா. ஜனங்களுக்கு அது வீட்ல டிவி பார்த்த ஒரு ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு முதல் போட்டு வாங்கி வச்ச பட்டாணி, மாங்கா, பலூன், பம்பரம். அதுவும் ஒரு வருஷம் இல்ல, 2020 மார்ச்லேர்ந்து டிசம்பர் நடு வரைக்கும் பீச்சே பூட்டிக் கிடந்துச்சு, திறந்து ஒரு மாசத்துல 2021 காணும் பொங்கலுக்கு மறுபடி மணலுக்கு யாரையும் விடல, அதுக்கப்புறம் 2022. போலீஸ்காரங்க குழந்தைங்க தொலையாம இருக்க கையில போன் நம்பர் எழுதுன பட்டை கட்டி விடுற கூட்டம் ரெண்டு வருஷம் வரவே இல்லன்னா எத்தனை வீட்ல வட்டி ஏறியிருக்கும். 2021ல ரேஷன் கார்டுக்கு 2,500 ரூபா கையில வந்துச்சு, 2022ல 21 பொருள் அடங்குன பைதான், காசு கிடையாது, பைல இருக்கிற வெல்லத்தை வச்சு கந்துக்காரனுக்குப் பதில் சொல்ல முடியாது. மூட முடிவெடுத்தப்பவே உங்களுக்கு ஒரு நாள் வருமானத்தையாவது தனியா குடுத்திருக்கணும். ஆள் யாருன்னு தெரியாதுன்னு சொல்லவும் வழியில்ல, மெரினாவுல 900 பேருக்கு குலுக்கல் போட்டு வண்டிக்கடை குடுக்கிற திட்டத்துக்காக மாநகராட்சி அதுக்கு முன்னாடியே கணக்கெடுத்திருந்துச்சு.